சோடனை என்று சொன்னது பாராட்டா, குத்தலா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படிக்காதவர்களுக்காக முதலில் அதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அறிக்கை எழுதும் வேலையை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். எழுதியதைப் படித்த கோயில் தலைவர், "நல்லாத்தான் இருக்கு, சோடனைதான் கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாராட்டினாரா குத்தினாரா என்று தெரியாமல் ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறீர்கள். கூடவே சோடனையா ஜோடனையா, அலங்காரத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம், கல்லூரிக் கட்டுரையில் ஒருவருடைய நடையைச் 'சோடனையான நடை' என்று எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பாராட்டிவிட்டுத்தான் குத்தியிருக்கிறார். ஒரே சொல்லில் இரண்டையும் செய்ய இடம் கொடுக்கிற சொல் அது. ஏன் அப்படி என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும், பசியாறிவிட்டு வந்து படியுங்கள்.

நான் பண்டிதன் கிடையாது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஓர் அச்சகத்தில் 28 வருடம் வேலை பார்த்தவன், அதில் முதல் பாதி ஈய எழுத்தைக் கையால் கோர்த்த காலம். கல்யாணப் பத்திரிகை, திருவிழா அறிக்கை, கருமக்கிரியை அட்டை, சங்கத்து ஆண்டுக்கூட்ட மலர் என்று சுற்றியுள்ள தோட்டங்களில் யார் எந்தச் சோடனைத் தமிழ் எழுதினாலும் அது என் விரல் வழியாகத்தான் போனது. அந்த அனுபவமும், வேலை இல்லாத மத்தியான வேளைகளில் அகராதியைப் புரட்டிய பழக்கமும்தான் என் படிப்பு.

சொல்லிலிருந்து தொடங்குவோம். சோடி என்றால் இணை. ஒரு சோடி செருப்பு, ஒரு சோடி மாடு. இந்தியில் சேர்ப்பதற்கும் ஒட்டுவதற்கும் சொல்கிற சொல்லும் இதே குடும்பம்தான். ஆக, சோடிப்பது என்றால் அடிப்படையில் ஒன்றோடு ஒன்றைப் பொருத்திச் சேர்ப்பது. பொருத்தமாகச் சேர்ந்தால் பார்க்க நன்றாக இருக்கும், அந்த வழியாகத்தான் அழகு செய்வது என்ற பொருள் வந்து உட்கார்ந்தது. ஒப்பனை என்கிறோமே, அதுவும் கிட்டத்தட்ட இதே பாதையில் வந்ததுதான்: ஒப்பு என்றால் பொருத்தம், பொருத்தமாக்குவது ஒப்பனை. இரண்டிலும் முதலில் இருப்பது பொருத்தம், அழகு பின்னால் வருவது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உங்கள் அறிக்கைக்கு உதவும்.

நம் பக்கத்தில் இந்தச் சொல் எங்கெல்லாம் புழங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். பெண்ணைச் சோடிப்பார்கள். தேரைச் சோடிப்பார்கள். திருவிழா அன்று ஆற்றங்கரைக்குப் போய்க் கரகம் சோடிப்பார்கள். இந்த மூன்றும் ஒரே மாதிரி வேலை என்று நீங்கள் நினைத்தால் ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

கரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் செம்பு. தண்ணீர் ஊற்றி, நூல் சுற்றி, வேப்பிலையைச் சுற்றிலும் செருகி, பூவை அடுக்கு அடுக்காகக் கட்டி, உச்சியில் எலுமிச்சம்பழத்தை வைக்கிறார் பூசாரி. அதுவரைக்கும் அங்கே நின்று கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் அந்த எலுமிச்சம்பழம் ஏறியதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள், உறுமி ஆரம்பித்துவிடும், அதுக்கு மேல் அது செம்பு இல்லை, ஆத்தா. அங்கே சோடனை என்பது மேல்பூச்சு கிடையாது. சோடித்ததால்தான் அது கரகமே ஆகிறது.

தேர் வேறு கதை. பெரிய ஊர்க் கோயில்களில் வெள்ளித் தேர் இருக்கும், தோட்டத்துக் கோயிலில் ஏது? செம்பனைக் குலை ஏற்றுகிற டிராக்டர் டிரெய்லரைக் கழுவி விட்டு, அதன் மேல் பலகை அடித்து, சாயத்தாளில் பூ வெட்டி, குருத்தோலைத் தோரணம் கட்டி, ஜெனரேட்டர் வைத்து வண்ண விளக்கைச் சுற்றினால் அதுதான் ரதம். நானே சின்ன வயதில் விடிய விடிய உட்கார்ந்து பசை தடவியிருக்கிறேன். மறுநாள் மத்தியானம் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டால் பழையபடி டிரெய்லர், அடுத்த நாள் காலை அதில் குலை ஏறும். அடியில் இருப்பது டிரெய்லர் என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்தேதான் கும்பிடுகிறார்கள், அதனால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் ஒரு விஷயம்: இது கழட்டக்கூடிய சோடனை, கரகம் கழட்டக்கூடாத சோடனை.

பிறகு இந்தச் சொல் கெட்டுப்போன கதை. சேர்த்துச் சேர்த்து அழகாக்கலாம் என்றால், இல்லாததைச் சேர்த்து இருப்பது மாதிரியும் ஆக்கலாம்தானே? "அவன் மேல வழக்கு ஜோடிச்சிட்டாங்க" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சாட்சியை ஓர் இடத்திலிருந்தும் கத்தியை இன்னோர் இடத்திலிருந்தும் எடுத்து, தேதியை நடுவில் செருகி, பொருத்தி நிறுத்துகிறார்கள். மணப்பெண்ணுக்கு நடந்த அதே வேலைதான் வழக்குக்கும் நடக்கிறது, சொல்லும் அதேதான்.

இந்த விதி சோடனைக்கு மட்டும் வந்தது என்று நினைக்காதீர்கள். புனைதல் என்றால் பழந்தமிழில் மாலை தொடுப்பது, அழகு செய்வது, படம் தீட்டுவது. இன்றைக்குப் புனைபெயர், புனைகதை, "அவன் புனைந்து சொல்றான்". பூவும் கட்டுகிறோம், கதையும் கட்டுகிறோம், இட்டுக்கட்டினால் அது சுத்தப் பொய். கயிறு திரிப்பது நல்ல கைத்தொழில், ஆனால் ஒருவரைப் பார்த்து "கயிறு திரிக்கிறார்" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போக முடியாது. பூத் தொடுக்கிறவரையும் புளுகுகிறவரையும் நம் மொழி ஒரே திண்ணையில் உட்கார வைத்திருக்கிறது. டாம்பீகம் என்ற சொல் மட்டும் எதிர்ப்பக்கமாக வந்திருக்கிறது: வடமொழியில் தம்பம் என்றால் போலித்தனம், வஞ்சகம், அதிலிருந்து வந்த சொல் தமிழில் வெறும் பகட்டு என்ற அளவுக்குச் சாதுவாகிவிட்டது. ஆடம்பரத்துக்கு வடமொழியில் ஒரு வகை முரசு, பெருஞ்சத்தம் என்றெல்லாம் பொருள் உண்டு. எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் ஆடம்பரமான பேச்சைக் கேட்டால் உண்மையிலேயே காதுதான் வலிக்கும்.

சரி, அலங்காரம். இதுதான் நீங்கள் கேட்ட முக்கியமான வித்தியாசம், கொஞ்சம் நின்று பார்ப்போம். வடமொழியில் 'அலம்' என்றால் போதும், போதிய அளவு என்று பொருள். 'காரம்' என்றால் செய்வது. ஆக அலங்காரம் என்றால் போதுமானதாக ஆக்குவது. குறையாக நிற்கிற ஒன்றை நிறைவாக்குவது என்று வைத்துக்கொள்ளலாம். சொல்லுக்குள்ளேயே ஓர் அளவு இருக்கிறது பாருங்கள். போதும் என்கிற இடத்தில் நிற்க வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே எழுதியிருக்கிறது, நாம்தான் அதைப் படிப்பதில்லை. தமிழ்ச் சொல்லான அணி இன்னும் நயமானது. அணிவது என்றால் உடுத்துவது, பூணுவது. அணிவகுப்பு என்றால் ஒழுங்கு வரிசை. நகைக்கும் ஒழுங்குக்கும் ஒரே சொல். ஒழுங்கில்லாமல் குவித்த நகையை அணி என்று சொல்ல முடியாது, அது அடகுக்கடை அலமாரி.

இந்த விஷயத்தைப் பற்றி இலக்கணக்காரர்கள் சண்டை போடாமல் இருந்திருப்பார்களா? 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படுகிற அணி இலக்கண நூலான தண்டியலங்காரம், வடமொழித் தண்டியைப் பின்பற்றி, நடையை இரண்டு நெறியாகப் பிரிக்கிறது. ஒன்று வைதருப்பம், விதர்ப்ப நாட்டுப் பெயரில். இன்னொன்று கௌடம், வங்கப் பக்கத்துக் கௌட நாட்டுப் பெயரில். வைதருப்பம் தெளிவும் இனிமையுமாகப் போகும். கௌடம் நீளநீளமாகச் சேர்த்துக் கட்டிய தொகைச்சொற்களையும், எழுத்து ஒன்றிவரும் ஓசையையும், மிகைப்படுத்திச் சொல்வதையும் விரும்பும். ஆக, உங்கள் தலைவர் சொன்னதைப் பண்டிதர் பாஷையில் மொழிபெயர்த்தால் "உங்கள் நடை கௌடநெறி" என்று வரும். கேட்க எவ்வளவு கௌரவமாக இருக்கிறது!

மேல்நாட்டில் இதற்கு எதிர்மாறாக ஒன்று நடந்திருக்கிறது. அங்கே அளவுக்கு மீறி வேலைப்பாடு செய்த கட்டடத்தையும் இசையையும் பரோக் என்கிறார்கள். கோணலாக விளைந்த முத்துக்குப் போர்த்துக்கீசியர் சொன்ன பெயரிலிருந்து வந்தது என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். முதலில் அது கிண்டல், பிறகு ஒரு காலத்துக் கலைக்கே மரியாதையான பெயராகிவிட்டது. நம் சோடனையோ மரியாதையாக ஆரம்பித்துக் கிண்டலில் பாதி வழி வந்து நிற்கிறது.

இப்போது அச்சகத்துக் கதை ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சோடனைக்கு விலை உண்டு என்று நான் தெரிந்துகொண்டது அங்கேதான். ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் எழுத்தும் மரப்பெட்டியில் தனித்தனிக் குழியில் இருக்கும். ஒவ்வொன்றும் இத்தனை என்று எண்ணிக்கைதான், கம்ப்யூட்டர் மாதிரி தட்டத் தட்ட வராது. ஒருநாள் ஒரு தோட்டத்திலிருந்து திருவிழா அறிக்கை வந்தது, அம்மனுக்கு அடைமொழி மட்டும் பதினொரு வரி, எல்லாம் ககர மோனை. 'க' என்ற எழுத்துக்குத் தமிழில் வேலை அதிகம் தம்பி: கா என்றாலும் கெ, கே என்றாலும் கொ, கோ என்றாலும் அதே 'க' ஈயத்துண்டைத்தான் எடுத்துக் காலும் கொம்பும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஏழாவது வரியில் குழி காலி. முதலாளி வந்து பார்த்தார், சிரித்தார், "போய் அந்த அண்ணன்கிட்ட, அம்மன் மிச்சத்துக்கு 'அ'வில் வரட்டும்னு சொல்லு" என்றார். எழுதியவர் நேரில் வந்தார், பாவம், ஒரு கிராணி, தோட்டத்துக் கணக்கு எழுதுகிறவர், ராத்திரி எல்லாம் யோசித்து எழுதியிருக்கிறார். பத்து நிமிஷம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, நான்கு வரியை அடித்தார். அடித்த பிறகு வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, "இதுவே நல்லா இருக்கே" என்று அவரே சொன்னார். எழுத்துப் பஞ்சம் அவருக்கு நல்ல ஆசிரியராக இருந்திருக்கிறது. கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார், அதனால்தான் இப்போது வருகிற அறிக்கைகள் இப்படி.

சோடனைத் தமிழ் முழுக்கவே வீண் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். கல்யாணப் பத்திரிகையில் 'சுபயோக சுபதினத்தில்' என்று ஒரு நீளமான வாக்கியம் வரும், இளவட்டங்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த வாக்கியத்தில் திதி, நட்சத்திரம், யோகம், லக்னம் எல்லாம் வரிசையாக இருக்கும். அது பார்க்கச் சோடனை, உள்ளே முழுக்கச் செய்தி. பஞ்சாங்கம் தெரிந்த ஒரு பாட்டிக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் அதே வாக்கியத்தின் தொடக்கத்தில் 'நிகழும் மங்களகரமான' என்று ஒன்று இருக்கிறதே, அது செத்துப்போன சோடனை. 2019 சித்திரையிலிருந்து அடுத்த சித்திரை வரைக்கும் தமிழ் ஆண்டின் பெயர் விகாரி. விகாரம் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். அந்த வருஷம் எத்தனை பத்திரிகையில் 'நிகழும் மங்களகரமான விகாரி வருடம்' என்று அச்சாகியிருக்கும், ஒருவராவது கவனித்திருப்பாரா? கவனிக்காமல் போடுகிற அடைமொழிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடத்திலேயே இது ஆரம்பித்துவிடுகிறது என்பது என் கருத்து. தமிழ்ப்பள்ளியில் கட்டுரை எழுதப் பழகும்போது தொடக்கத்துக்கென்று சில வரிகளை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வோம், நீங்களும் செய்திருப்பீர்கள். செங்கதிரோன் தன் பொற்கரங்களை விரித்தான், புள்ளினங்கள் கீதம் இசைத்தன, அந்த ரகம். ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது 'எங்கள் தோட்டத்தில் ஒரு காலைப் பொழுது' என்று கட்டுரை. நான் வழக்கம்போலச் செங்கதிரோனை எழுப்பி, அவன் பொற்கரங்கள் பட்டதும் அம்மா கண்விழித்து வேலைக்குப் புறப்பட்டார் என்று எழுதிவிட்டேன். வாத்தியார் படித்துவிட்டு அடிக்கவில்லை, திட்டவில்லை. "ஏன்டா, உங்கம்மா பெரட்டுக்குப் போறப்ப சூரியன் எங்கடா இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். பெரட்டு என்றால் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பது. வகுப்பே சிரித்தது, ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருந்த பாதிப் பிள்ளைகளின் அம்மாவும் பால்மரம் வெட்டுகிறவர்கள்தான். விடியும் முன்னே போய் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறிவிட்டால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் அம்மா இருட்டிலேயே எழுந்து, சோறாக்கி வைத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போவார். நான் எழும்போது வாசலில் பழைய செருப்பு மட்டும்தான் இருக்கும், காட்டுக்குப் போடும் சப்பாத்து இருக்காது.

"அதை எழுது" என்றார் வாத்தியார். "அதுல என்னங்க சார் இருக்கு?" என்று கேட்டேன். அவர் சொன்னது பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. தண்டியலங்காரம் சொல்கிற பொருளணிகள் 35. அந்த 35இல் முதலாவதாக வைத்திருப்பது உவமையும் இல்லை, உருவகமும் இல்லை. தன்மை அணி. ஒரு பொருளை அது உள்ளபடியே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சொல்வது. சோடிக்காமல் சொல்வதையே முதல் அணியாக எண்ணி வைத்திருக்கிறார்கள். உவமைக்கு இரண்டாம் இடம்தான். வாசலில் சப்பாத்து இல்லை என்பதும் ஓர் அணிதான் என்று என் வாத்தியார் அன்றைக்குச் சொன்னார், அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை. செங்கதிரோனுக்குப் போட்ட மார்க் போய்விட்டதே என்ற கவலைதான்.

அலங்காரம் கூடி வந்து நன்றாக அமைந்த இடத்துக்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும் அல்லவா. பட்டிமன்றத்தில் தேய்ந்துபோனதுதான், இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். இலங்கையிலிருந்து திரும்பிய அனுமன் ராமனிடம் 'கண்டேன் சீதையை' என்றான் என்று எல்லாரும் சொல்வார்கள். கம்பன் எழுதியிருப்பது 'கண்டனென், கற்பினுக்கு அணியை, கண்களால்'. சீதை என்ற பெயரே அதில் இல்லை. நாம் பேசிக்கொண்டிருக்கிற அணி என்ற சொல்தான் அங்கே அவள் பெயராக நிற்கிறது. வரியில் பளபளப்பு இருக்கிறதா என்றால் இருக்கிறது: ககரம் வரிசையாக வருகிறது, உருவகம் இருக்கிறது. ஆனால் ராமன் காத்துக்கொண்டிருக்கிற சேதி முதல் சொல்லிலேயே வந்துவிட்டது. பார்த்தாயா இல்லையா என்ற தவிப்பை ஒரு சொல்லில் தீர்த்துவிட்டு, அப்புறம் அணியைப் பூட்டுகிறான். என்னுடைய கிராணி அண்ணனுக்கும் ககரம் வேண்டியிருந்தது, கம்பனுக்கும் வேண்டியிருந்தது. கம்பனுக்கு மூன்று போதுமாக இருந்திருக்கிறது.

மேடைப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்க் கூட்டங்களில் இன்றைக்கும் அடுக்குமொழிக்கு மவுசு குறையவில்லை. இது தமிழ்நாட்டில் அண்ணாதுரை காலத்தில் திராவிட இயக்க மேடைகளில் வளர்ந்து, பத்திரிகை, சினிமா வழியாக நம் தோட்டத்து வாசகசாலை வரை வந்து சேர்ந்த பழக்கம். மைக் சரியாக இல்லாத இடத்தில் எதுகையும் மோனையும் வார்த்தையைக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோகும், கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பார்க்கவும் முடியும். அதனால் அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அதே இயக்கத்திலிருந்து 1929லும் 1954லும் மலாயாவுக்கு வந்து பேசிய பெரியார் சோடனை எதுவும் இல்லாமல் வீட்டுத் திண்ணையில் பேசுவது மாதிரிதான் பேசியவர், அவருக்கும் கூட்டம் வந்தது. இப்போது நம் நிகழ்ச்சி நெறியாளர்கள் செய்வது மூன்றாவது ரகம்: பட்டத்தைப் படிக்கவே பத்து நிமிஷம். ஒரு தடவை நான் அச்சடித்த அழைப்பிதழில் திறப்பாளரின் பட்டங்கள் ஆறு வரி, எதைத் திறக்கிறார் என்பது அரை வரி.

இனி நீங்கள் கேட்ட உபயோகம். எழுத்தில் சோடனை என்று சகரம் போட்டே எழுதுங்கள், கட்டுரைக்கு அதுதான் நல்லது. வழக்கு, குற்றச்சாட்டு என்று வரும்போது மட்டும் பத்திரிகைகளில் 'ஜோடிக்கப்பட்ட' என்று ஜகரம் போட்டு எழுதுவது பழகிவிட்டது, அதை மாற்றினால் படிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார், இருந்துவிட்டுப் போகட்டும். பேச்சில் நாம் 'சோடிப்பு' என்றும் சொல்வோம், ரதம் சோடிப்பு என்று அறிக்கையிலும் எழுதலாம், தப்பில்லை.

கல்லூரிக் கட்டுரையில் ஓர் ஆசிரியருடைய நடையை விவரிக்க மட்டும் செய்கிறீர்கள், தீர்ப்பு சொல்லவில்லை என்றால் 'அணிநடை' அல்லது 'அலங்கார நடை' என்று எழுதுங்கள். ஓசை மட்டும் இருக்கிறது, பொருள் மெலிந்திருக்கிறது என்றால் 'வெறும் சொல்லலங்காரம்'. 'சோடனையான நடை' என்று எழுதினால் நீங்கள் தீர்ப்பு சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம், அடுத்த வரியில் காரணம் காட்டத் தயாராக இருக்க வேண்டும். பகட்டு நடை என்றால் இன்னும் ஒரு படி மேலே போய் எழுதியவருடைய குணத்தையே தொடுகிறீர்கள், யோசித்து எழுதுங்கள். ஆளைப் பற்றிச் சொல்லும்போது 'சோடித்துப் பேசுகிறார்' என்றால் அநேகமாகப் பொய் சேர்க்கிறார் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார், 'அலங்காரமாகப் பேசுகிறார்' என்றால் அப்படி இல்லை. மணப்பெண்ணைப் பார்த்து "சோடிச்சு வச்ச மாதிரி இருக்கா" என்றால் அது சுத்தமான பாராட்டு, சந்தேகமே வேண்டாம்.

உங்கள் தலைவர் சொன்னது இந்தப் பட்டியலில் எங்கே வருகிறது? "தூக்கல்" என்றாரே, அதைக் கவனியுங்கள். உப்பு தூக்கல், காரம் தூக்கல் என்று சொல்கிற அதே சொல். உப்பே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. சமையல் தெரிந்த பிள்ளைக்குச் சொல்கிற குறை அது, சமைக்கவே தெரியாதவரிடம் யாரும் உப்பைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

அறிக்கையை நானும் படித்தேன். 'கார்முகில் கூந்தலாள், கருணைக் கடலாள், கயமை களையும் கனலாள், கண்ணெனக் காக்கும் காவல் நாயகி' என்று நான்கு இருக்கிறது. அதில் கார்முகில் கூந்தல் எல்லா அம்மனுக்கும் உண்டு, அடித்துவிடுங்கள். கருணைக் கடலையும் அடித்துவிடலாம். கனலாள் இருக்கட்டும், ஏனென்றால் உங்கள் கோயிலில் தீமிதி இருக்கிறது, அந்தச் சொல்லுக்கு அங்கே உட்கார இடம் இருக்கிறது. காவல் நாயகியும் இருக்கட்டும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபோனவர்கள் திருவிழாவுக்கு மட்டும் திரும்பி வருகிறார்களே, அவர்களைக் கூப்பிடுவதற்கு அந்தச் சொல் வேண்டும்.

அப்புறம் ஒன்று, தீமிதி எத்தனை மணிக்கு என்பது இரண்டாம் பக்கம் கீழே, அன்னதானத்துக்கு நன்கொடை கொடுத்தவர்கள் பெயருக்குப் பின்னால் போய்விட்டது. அதைத் தூக்கி முதல் பக்கத்தில் கனலாளுக்கு நேர் கீழே போடுங்கள். பழைய பெரட்டுக் களம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நட்டுவிட்டார்கள், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு வழி தெரியாது, மேட்டுச் சடக்கில் வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் திரும்பச் சொல்லி ஒரு வரி சேருங்கள். கரகம் சோடிக்கிற நேரத்தையும் போடுங்கள், என்னைப் போன்றவர்கள் அதைப் பார்க்கவே வருவார்கள்.